மலைச்சிங்கமும் நெருப்புத்தமிழனும்

ஈர ஸ்வெட்டர் வாசனை வந்தா எனக்கு ஏரி ஞாபகம் வராதுங்க... பிரவுசிங் சென்டர்தான் ஞாபகம் வரும்.

2000-கள் முடியுற சமயம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு மாடியில ஆறு கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, கதவுக்குப் பதிலா கர்ட்டன். சென்டரைப் பாத்துக்கிட்டது நான்தான். மழை நாள்ல வர்றவங்க ஸ்வெட்டரும் குல்லாவும் மானிட்டர் சூட்டுல காய ஆரம்பிச்சா ரூம் முழுக்க கம்பளி நாத்தம். ஜன்னலைத் தொறந்தா மேகம் உள்ள வந்துரும்.

அப்ப எல்லாரும் புதுசா சேர்ந்துட்டிருந்த ஒரு சைட்டுல நம்ம ஊருக்குன்னு நான் ஒரு கம்யூனிட்டி ஆரம்பிச்சிருந்தேன். பழைய கிளாஸ்மேட்டைத் தேடுறது, பனி போட்டோ போடுறது, பேரிக்கா வந்துருச்சான்னு துபாய்ல இருந்து ஒருத்தர் கேக்குறது... அவ்வளவுதான். யார் எழுதுனதையும் டெலீட் பண்ற பவர் என் ஒருத்தன்கிட்ட மட்டும். அதுல எனக்கு ஒரு கெத்து வேற.

சென்டருக்கு டெய்லி வர்ற ரெண்டு பேர், மோகன் அண்ணன், ஜெரால்டு அண்ணன். சேர்ந்து ஒரே ஜீப் வாங்கி ஓட்டுறவங்க. காலையில தாண்டிக்குடி ட்ரிப் ஒருத்தர், சாயங்காலம் இன்னொருத்தர். மோகன் அண்ணனோட அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து கப்பல்ல வந்து இறங்குனவர். ஜெரால்டு அண்ணன் தாத்தா மிஷன் ஸ்கூல் கிச்சன்ல சமையல்காரர். மோகன் அண்ணன் குடும்பம் வராம ஜெரால்டு அண்ணன் வீட்டுல கிறிஸ்துமஸ் கேக் வெட்ட மாட்டாங்க. அப்படி ஒரு பழக்கம்.

மழைக்கு வண்டி ஓடாத மத்தியானம், ரெண்டு பேரும் மாடிக்கு வந்து ஆளுக்கொரு கேபின்ல உக்காருவாங்க. அப்புறம் சேர்ந்து கீழ டீக்கு இறங்குவாங்க.

எலெக்ஷன் வந்துச்சு.

கம்யூனிட்டியில மலைச்சிங்கம்னு ஒருத்தன் வந்தான். அவனை எதுத்து நெருப்புத்தமிழன்னு இன்னொருத்தன். ரெண்டுக்கும் மூஞ்சி கெடையாது, ஒண்ணுக்கு சிங்கம் படம், இன்னொண்ணுக்கு தீ. இங்கிலீஷ் எழுத்துல தமிழ்த் திட்டு. முதல்ல கட்சியைத் திட்டுனாங்க. அப்புறம் தலைவரை. அப்புறம் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுறவங்களை.

நான் அன்னைக்கே டெலீட் பண்ணியிருக்கணும். பண்ணலை. நாலு பேர் எட்டிப்பாத்த இடத்துக்கு ஊரே வந்து நிக்குது... எனக்குத் தலைகால் புரியலை. வெள்ளனே வந்து சென்டரைத் தொறந்ததும் முதல் சோலியா அதைத்தான் படிப்பேன். ஒரு நாள் சண்டை இல்லைன்னா சப்புன்னு இருக்கும்.

ஒரு மழை மத்தியானம். மலைச்சிங்கம் எழுதுறான், உங்க கட்சிக்கு ஓட்டுப் போடுறது யாரு, மிஷன்ல குடுத்த பால்பவுடருக்கு சாமியை மாத்துன கூட்டந்தானேன்னு. பத்தே நிமிஷத்துல நெருப்புத்தமிழன் பதில்: உங்களுக்குப் போடுறது கப்பல்ல வந்து இறங்குன கூட்டம், அதுகளைத் திருப்பிக் கப்பல் ஏத்துனா மலை சுத்தமாயிரும்.

யாருடா இவனுக, நம்ம ஊர்லயா இருக்கானுகன்னு நெனச்சேன்.

அந்நேரம் அண்ணன்க ரெண்டு பேரும் கேபினை விட்டு வந்தாங்க. "வெரசா வாலே, வடை தீந்துரும்"னு ஜெரால்டு அண்ணன் மோகன் அண்ணன் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போனார்.

எங்க ஊர் ஆளுங்ககிட்ட அப்ப ஒரு பழக்கம். லாக் அவுட்டே பண்ண மாட்டாங்க. மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணிட்டா எல்லாம் மூடியாச்சுன்னு நெனப்பு. பின்னாடியே போய் ஒவ்வொண்ணா மூடுறது என் வேலை.

மோகன் அண்ணன் கேபின்ல மானிட்டரைப் போட்டேன். சிங்கம் படம்.

ஜெரால்டு அண்ணன் கேபினுக்குப் போனேன். தீ.

ஜன்னல் வழியா கீழ பாத்தா ஒரே குடைக்குள்ள ரெண்டு பேரும். இருந்த ஒரு வடையைப் பிச்சு பாதி பாதி தின்னுட்டு நிக்கிறாங்க. என் கண்ணையே நான் நம்பலை. அவசர அவசரமா அந்தச் சண்டை மொத்தத்தையும் அழிச்சேன். அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மறுநாள் ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாங்க. மோகன் அண்ணன் முகமே சரியில்லை. நான் அழிக்கிறதுக்கு முன்னாடியே யாரோ படிச்சுட்டு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. "ஏம்ப்பா, எங்கப்பாவக் கப்பல் ஏத்தணும்னு எழுதுனவன் எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. நானும் ஜெரால்டும் போய் ரெண்டு சாத்திட்டு வாறோம்"னார்.

ஜெரால்டு அண்ணன் முகத்துல ரத்தமே இல்லை. "நான்தான்டா. உன்னையச் சொல்லலை... கட்சிக்காரனுகளைச் சொன்னேன்."

மோகன் அண்ணன் கத்தலை. "எங்கப்பனை விட்டா உனக்கு வேற எந்தக் கப்பல்காரனைத் தெரியும்?"னு மட்டும் கேட்டார். படி இறங்கிப் போயிட்டார்.

பால்பவுடர்னு எழுதுனது தான்தான்னு மோகன் அண்ணன் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியும். நானும் வாயைத் தொறக்கலை. சொன்னா இன்னும் பெருசாகும்னு பயம். முழுப் பழியும் ஒருத்தர் தலையில விழுந்துச்சு. ஜீப்பை மோகன் அண்ணன்கிட்டயே விட்டுட்டு, ஜெரால்டு அண்ணன் குடும்பத்தோட கோயம்புத்தூர் போயிட்டார்.

அப்ப அந்த மாதிரி எழுத ஒரு பொய்ப் பேரு, ஒரு சிங்கம் படம் தேவைப்பட்டுச்சு. இப்ப எங்க ஸ்கூல் குரூப்புல குட் மார்னிங் போட்ட கையோட அதே வார்த்தையை சொந்தப் பேர்ல, பொண்டாட்டி புள்ளையோட நிக்கிற போட்டோவுக்குக் கீழயே எழுதுறாங்க. கூச்சமே போயிருச்சுங்க.

இதுக்கெல்லாம் சட்டம் வேணுமா, யார் கன்ட்ரோல் பண்றதுன்னு டிவியில பேசுறாங்க. வேணும்னுதான் எனக்கும் தோணுது. ஆனா அந்த மலையில மொத்தக் கன்ட்ரோலும் ஒருத்தன் கையில இருந்துச்சு... அவன் ரசிச்சுப் படிச்சுட்டு உக்காந்திருந்தான்.

போன வாரம் ஜெரால்டு அண்ணன் என்னோட இந்த ஃபேஸ்புக் பக்கத்துல ஃப்ரெண்டா சேர்ந்திருக்கார். முதல் மெசேஜே, "மோகன் நல்லா இருக்கானா தம்பி? தப்பு பூரா என் மேலதான்"னு. ஒரு வாரமா நான் பதில் போடலை.

அண்ணே, தப்பு பூரா உங்க மேல இல்லை. மலைச்சிங்கம் மோகன் அண்ணன்தான். அவர் எழுதுனதையும் நீங்க எழுதுனதையும் அப்பவே அழிக்காம வேடிக்கை பாத்தது நான்.