பிரீமியம் விசாரணையில் குளோடெட் சொன்ன பொய்

குளோடெட் உவெலெட்டுக்கு யார் உதவிக்கு வந்தாலும் பிடிக்காது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் நின்று உழைத்தவள். அவள் கால் முறிந்த வருஷம், பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில், அவள் வாசலில் குவிந்த பனியை வாரப் போனேன். "ஏன்டி, நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?" என்று மண்வாரியைப் பிடுங்கிக்கொண்டாள். எங்கள் காகித ஆலை ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். வறட்டுக் கௌரவம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

யாரிடமும் கைநீட்டக் கூடாது என்றுதான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்கும் கணவர் நார்மண்டுக்கும் முதுமைப் பராமரிப்புக் காப்பீடு எடுத்தாள். தள்ளாத காலத்தில் ஆள் வைத்துக்கொள்ளக் கம்பெனி பணம் தரும். பிரீமியம் மூன்று முறை ஏறியது, முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். போன இலையுதிர் காலத்தில் நான்காவது கடிதம் வந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு ஏற்ற மாநிலத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். மாநிலம் தலையாட்டினால் நார்மண்டின் பாலிசி கைவிட்டுப் போகும். இரண்டு பாலிசிக்கும் சேர்த்துக் கட்ட அவளுடைய ஓய்வூதியம் தாங்காது.

மாநிலத் தலைநகர் அகஸ்டாவில் பொது விசாரணை. என் காரில்தான் போனோம். நார்மண்ட் பின்சீட்டில் தூங்கிவிட்டார் என்று பார்த்துக்கொண்டு குளோடெட் என் பக்கம் சாய்ந்தாள்.

"அங்க வந்து வாயைத் திறந்தே, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"எதைப் பத்தி?"

"நடிக்காதே."

எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நார்மண்டைக் குளிப்பாட்டுவதும் உடுத்திவிடுவதும் அவள்தான். தற்செயலாக ஒருநாள் பார்த்துவிட்டேன். போர்ட்லாந்தில் இருக்கும் மகனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. நார்மண்டுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, கையும் காலும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தோம், எல்லாம் நரைத்த தலைகள். ஆட்கள் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று கம்பெனிக்காரர் படம் போட்டு விளக்கினார். உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆளுக்கு மூன்று நிமிஷம். குளோடெட் ஒலிவாங்கியின் முன்னால் நின்றாள்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு மாசம் தவறினதில்லை. உங்ககிட்ட ஒரு பைசா கேட்டதும் இல்லை!"

கைதட்டினார்கள். விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, காப்பீட்டைப் பல வருஷமாக அலசிப் பார்ப்பவர் போலிருக்கிறது, தலையை நிமிர்த்தினார்.

"மிஸஸ் உவெலெட், இப்ப வீட்டுல யாருக்காவது குளிக்க, உடுத்த ஒத்தாசை தேவைப்படுதா?"

"இல்லை."

கம்பெனி வக்கீல் ஏதோ குறித்துக்கொண்டார்.

"ஏன் கேக்கறேன்னா, நிறையப் பேர் முதியோர் இல்லத்துக்குப் போனாத்தான் பாலிசின்னு நினைச்சிட்டிருக்காங்க. உங்க பாலிசி வீட்டுக்கும் உண்டு. குளிக்கறது, உடுத்தறது, இந்த ரெண்டும் தனியா முடியலேன்னாலே பணம் கேட்கலாம். கேட்டப்புறம் மூணு மாசம் காத்திருக்கணும், அது போனதும் உதவி வாங்கறவருக்குப் பிரீமியமே கிடையாது. அப்புறம் எவ்வளவு ஏத்தினாலும் அவரைத் தொடாது."

குளோடெட் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இரண்டு வருஷமாக, கட்ட வேண்டியிராத பணத்தைக் கட்ட, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் அடுப்பைக் குறைத்து வைத்தவள் அவள். இப்போது "ஆமாம்" என்றால் போதும். அதைக் கணவர் காதில் விழ, நாற்பது பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"நாங்க நல்லாத்தான் இருக்கோம்," என்றாள்.

பின்வரிசையில் நாற்காலி உராய்ந்தது. முன்நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நார்மண்ட் எழுந்து நின்றார். எப்படி எழுந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"பொய் சொல்றா, அதிகாரியம்மா. ரெண்டு வருஷமா என்னைக் குளிப்பாட்டறது அவதான். எழுதிக்குங்க."

"நார்ம், உட்காரு!" குளோடெட்டின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"முடியலைடி," என்றார் அவர். "நீ வந்தாத்தான்."

அவள் ஒலிவாங்கியை விட்டு நடந்து வந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய அக்குளுக்குள் கைகொடுத்து, முழங்காலை முழங்காலால் முட்டுக்கொடுத்து, மெதுவாக அவரை உட்கார வைத்தாள்.