மாப்பிள்ளை பிடித்த சொப்பு

சொல்ல வந்தவை:
1. ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுச் சதுர்த்திக் கொழுக்கட்டைக்கு, பூரணம் வைக்கும் மாவுச் சொப்பு பிடிப்பவன் நான்.
2. இன்று குண்டூர் மாப்பிள்ளையும் பிடித்தார்.
3. ஆவியில் வெடித்தவை அவருடையவை.

என் மனைவிக்குப் பக்கத்தில், என் இடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து, எண்ணெய் தொட்ட விரலால் மாவைக் காகிதமாக விரித்தார். நான் ஓரமாகச் சிலவற்றைப் பிடித்தேன்.

"என்ன மெல்லிசு பாருங்கோ! நீங்க பிடிச்சா கிண்ணம்தான்" என்றாள் மனைவி என்னிடம்.

"மாமகாருதான் கத்துக்கொடுத்தாரு, அத்தகாரு" என்றார் மாப்பிள்ளை. அந்தப் பணிவு இன்னும் எரிந்தது.

இட்லிப் பானையைத் திறந்தால் சில வெடித்து, பூரணம் வழிந்திருந்தது. மனதுக்குள் குளிர்ந்துபோய் இதை எழுத உட்கார்ந்தேன்.

மனைவி எட்டிப் படித்தாள். "வெடிச்சதெல்லாம் உங்க கை. ஓரம் ஒட்டவே இல்லை."

போய்ப் பார்த்தேன். மேலே எழுதியதில் மூன்றாவது வரி தவறு.

ஆனாலும், அடுத்த சதுர்த்திக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கக்கூடாது என்று பிள்ளையாரிடமே வேண்டிக்கொண்டால் கேட்பாரா?