கருநீலக் காரைத் துடைத்த ஞாயிறுகள்

ஒரு திங்கட்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் என் கணவர் கையிலிருந்த காபி டம்ளர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். எத்தனையோ வருஷம் விடியுமுன் எழுந்து அதே ரயிலில் போய் வந்தவருக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் வேண்டும் என்று சொல்வதற்கே கண்ணை மூடி வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்களுடையது தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடு. முன்னறை ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை, அதன் கீழ் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கருநீல வண்டி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது கல்யாணம் காட்சிக்கும் மட்டும் எடுப்பார். எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் அது நின்ற இடத்திலேயே நின்றது. ஆடிக்காற்று ஆரம்பித்ததும், சுரங்கக் கழிவு மலைபோலக் குவிந்த சைனைடு மேட்டுத் தூசி வந்து அதன்மேல் படிந்தது. எங்கள் ஊரில் அந்தத் தூசி சோற்றிலும் விழும், துவைத்த துணியிலும் விழும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நாள் முழுக்க ஜன்னல் வழியே ஒருவர் பார்க்கக்கூடிய ஒரே பொருள், நாளுக்கு நாள் சாம்பல் பூத்துக்கொண்டு போவதை என்னால் சகிக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு மதியம் வாளியும் பழைய பனியனுமாக இறங்கினேன்.

தூசியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் பானெட் முழுக்க மெல்லிய கீறல்கள், சிலந்தி வலையைப் போல வட்ட வட்டமாக. பாறையை மாவாக அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அது. பெயின்டின் மேல் வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள்தான். இதைக்கூட யோசிக்கவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. பங்காருபேட்டையில் ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்வது என் வேலை. கண்ணாடி ஸ்லைடை எதனால், எந்தத் திசையில் துடைக்க வேண்டும் என்று தெரிந்தவளுக்கு, ஒரு கார் விஷயத்தில் புத்தி போகவில்லை.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது போனில் தேடினேன். இப்படி ஒரு உலகம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். தூசியைத் தொடாமலே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச வேறு வாளி. பெயின்டுக்குள் ஊறிப்போன அழுக்கை எடுக்க ஒருவகைக் களிமண் கட்டி. அதற்குப் பிறகு பாலிஷ், கடைசியில் மெழுகு. ஒவ்வொன்றாக வரவழைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீரிலிருந்து ஒரு சொம்பு திருடுவேன்.

வீட்டில் திட்டு விழாமல் இல்லை. பகலில் இவரைப் பார்த்துக்கொள்ள, பக்கத்திலேயே இருக்கும் பாலகாட்டிலிருந்து இவருடைய அக்கா வந்துபோவார். ஒருநாள் நான் மெழுகு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"இன்னாமா இது? உள்ள அவன் எழுந்து நிக்க முடியாம கீறான். நீ வண்டிக்கு முகப்பூச்சு பூசிகினு கீற."

"ஒரு மணி நேரந்தான்கா. முடிச்சிட்டு வந்துடுறேன்."

"பாக்குறவங்க இன்னா நெனைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. எனக்கு அந்த மதியங்கள் தேவையாக இருந்தன. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, பஞ்சில் ஒரு துளி பாலிஷ் வைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். முதலில் மங்கும். துடைத்தால் வலை கொஞ்சம் மெலிந்திருக்கும். மறுபடி தேய்ப்பேன். ஒரு கட்டத்தில் அந்த இடத்தில் மட்டும் தகரக் கூரையின் ஓரமும் அதற்கப்பால் வானமும் தெளிவாகத் தெரியும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது தலைக்குள் ஓடுகிற மாத்திரைக் கணக்கும், லீவு கணக்கும், அவர் வேலை என்னாகுமோ என்ற பயமும் மெதுவாக அடங்கிவிடும்.

எதிர் லைனில் இருக்கும் அண்ணன் அடிக்கடி வேலியோரம் நின்று பார்ப்பார். அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. ஒரு ஞாயிறு தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தம்பி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தார். அண்ணன் பானெட்டில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"பொண்ணு மாப்பிள்ளைக்கு இந்த வண்டி கெடச்சா நல்லாருக்கும்மா. தம்பி ஓட்டுவான். பத்திரமா கொண்டாந்து விட்டுடுவோம்."

"எடுத்துக்கினு போங்கண்ணா. அவர்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்றேன்.

சொல்லத்தான் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிசியோதெரபி சொல்லித்தர வரும் பெண்ணிடம் கையைக் கொடுக்க மறுத்தார். நான் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு மறுபடி போய்விட்டதோ என்று பயந்தேன். டாக்டருக்குப் போன் செய்வோம் என்று போனை எடுத்தபோது, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"வித்... வித்துட்டியா?"

"இன்னாது?"

"வண்டி."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஜன்னல் வழியாக அவர் பார்த்தது என்ன? மனைவி வாராவாரம் வண்டியைப் பளபளப்பாக்குகிறாள். பிறகு இரண்டு ஆண்கள் வந்து கதவைத் திறந்து, உட்கார்ந்து, தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். இனி இவர் ஓட்டப் போவதில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டதாக அவர் முடிவு கட்டியிருந்தார்.

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் இடது கையில் வைத்தேன். "வித்திருந்தா இது இன்னாத்துக்கு இங்க கீது? எதிர் வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குக் கேட்டாங்க. ஒரு நாளைக்கு."

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ... பாலிஷ் இன்னாத்துக்கு?"

உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆரம்பித்தது அப்படித்தான். ஆனால் எப்போதோ அது மாறிப்போயிருந்தது. மாதக்கணக்காக நான் தொட்டது எதுவும் என் கைக்கு அசையவில்லை. அவர் விரலை நாளெல்லாம் நீவிவிடுவேன், அது மடங்கியபடியே இருக்கும். கார் கதவில் மட்டும் கொஞ்ச நேரம் பாடுபட்டால் ஏதோ ஒன்று மாறியது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நோயாளியைப் பார்த்து, உன்னைவிட உன் கார் எனக்கு ஆறுதல் என்றா?

"எனக்குப் புடிச்சிருக்குது. அவ்ளோதான்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அந்த நாட்களில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். நான் என்றைக்கும் எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. யோசித்தால் நானே சொல்லிக் கேட்டதில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, இடது கையை நீட்டினார்.

"பின்... பின்கதவு. சரியா வரல. கீறல் கீது."

இருந்தது. இத்தனை நாளும் என் வேலையில் குறை கண்டுபிடித்தபடிதான் படுத்திருந்தாரா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

கல்யாணத்தன்று அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வாசல் நாற்காலியில் உட்கார வைத்தோம். எதிர் வீட்டுப் பெண் ஏறும்முன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, "கிளட்ச்... மிதிச்சிகினே போறான்" என்று அந்தத் தம்பியைத் திட்டினார். அவருடைய அக்காவே சிரித்துவிட்டார்.

வண்டி சொன்னபடி திரும்பி வந்தது. ஆனால் ரிப்பனும் பூவும் ஒட்டிய டேப்பின் பசை பானெட்டிலும் கதவுகளிலும் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு நான் தேங்காயெண்ணெய் தொட்டுப் பசையை எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து நாற்காலியைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே கூட்டிப் போ என்றார். கதவருகே உட்கார வைத்து, மெத்தென்ற துடைக்கும் துணியை மடித்து அவர் வலது கையில் வைத்து விரல்களை அதன்மேல் மூடினேன். தோளிலிருந்துதான் அசைக்க முடிந்தது. பிசியோ பெண் மன்றாடியும் வராத வட்டம், கோணல்மாணலாக, ஆனால் வட்டமாகவே வந்தது. கை பாதிக் கதவுக்கு மேல் எழும்பவில்லை. அதனால் கீழ்ப்பாதி அவருக்கு, மேல்பாதி எனக்கு என்றானது.

முதல் தடவை அவர் உள்ளே போனதும் அவர் தேய்த்த இடத்தை நான் மறுபடி தேய்த்துச் சரிசெய்துவிட்டேன். மறுநாளே ஜன்னல் வழியாகக் கண்டுபிடித்துவிட்டார்.

"என் எடத்துல கை வெக்காத" என்றார், ஒரு வார்த்தைகூடக் குழறாமல்.

அதற்குப் பிறகு நான் தொடுவதில்லை. இப்போது அவர் கோல் ஊன்றிக் கழிவறை வரை தனியாகப் போகிறார். ஓட்டுவதைப் பற்றி டாக்டர் பிடிகொடுத்துப் பேசுவதில்லை, நாங்களும் நச்சரிப்பதில்லை. நான் பங்காருபேட்டையில் டிரைவிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன். கியர் மாற்றும்போது பல்லைக் கடிக்கிறேன் என்று கற்றுத்தருபவர் சொல்கிறார். வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் எங்கள் வண்டியின் கதவு மேலே கண்ணாடியாகவும் கீழே லேசாகப் புகை படிந்தாற்போலவும் இருக்கும். போன வாரம் எதிர் வீட்டு அண்ணன் அதைக் காட்டி, "இங்க மட்டும் பாலிஷ் பத்தலையேம்மா" என்றார். நான் வாயைத் திறக்கும்முன் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அது நான் பண்ணது. இன்னும் முடியல."