கயிறு அசையவே இல்லை

"அப்பாவோட வண்டிச் சாவிய எடுங்க மாமா."

எங்கள் வீட்டில் இதைக் கேட்கக் கூடாது. அப்பா செத்த இந்த ஒன்பது வருஷமும் அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது இது ஒன்றைத்தான். எதை வேண்டுமானாலும் கேள், இனிகோ மாமாவிடம் அந்தச் சாவியை மட்டும் கேட்காதே. போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 11.05க்கு நான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பேய் என்றாலே சிரிக்கிறவள். பேய்க்கதை என்றால் ராத்திரியாக இருக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும். எனக்கு நடந்தது உச்சி வெயிலில். போனில் நாலு பாயிண்ட் சிக்னல் இருந்தது.

அந்தச் சாவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பெயர் கஸ்பார். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர். கம்ப்ரஷர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்குகிற ஆள் இல்லை, மூச்சடக்கிப் போகிறவர். இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை படகில் மச்சான் கையில். அந்தக் கயிற்றை எங்கள் ஆட்கள் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் நம்புவார்கள். தங்கச்சி தாலியறுக்க எவனாவது விடுவானா? அப்பாவுக்குக் கயிறு பிடித்தது அம்மாவின் அண்ணன், இனிகோ மாமா.

ஒரு இழுப்பு என்றால், சங்குப் பையைத் தூக்கு. ரெண்டு இழுப்பு என்றால், என்னைத் தூக்கு. அப்பா எனக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது இது. கொடிக்கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நான் கட்டில் மேல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரெண்டு இழுப்பு வந்ததும் பலம் கொண்ட மட்டும் இழுப்பேன். சிரித்துக்கொண்டே வெளியே வருவார்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் படகு அப்பா இல்லாமல் வந்தது. ஆசைப்பட்டு முடிச்சை அவிழ்த்துவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டான், வெறுங்கயிறுதான் மேலே வந்தது என்று மாமா சொன்னார். கயிறு அசையவே இல்லை என்று மாதா சொரூபத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினார். ரெண்டு நாள் கழித்துப் பழையகாயல் பக்கம் அப்பா கரை ஒதுங்கினார். அன்றிலிருந்து தெருவில் நான் பேராசைக்காரன் மகள். பள்ளிக்கூடத்திலும் அதுதான். காலேஜ் பஸ்ஸிலும் அதுதான்.

அம்மாவையும் என்னையும் மாமா தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். படிக்க வைத்தார். இப்போது தன் மகன் அனிஷுக்கு என்னைக் கேட்டார். கேட்டார் என்ன, சொன்னார். அடுத்த ஞாயிறு நிச்சயம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் லேபில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமைக்குள் சேர வேண்டும். பேராசைக்காரன் மகளை எவன் கட்டுவான், என் மகன் கட்டுகிறான், இதில் வேலை வேறயா என்பது மாமாவின் கட்சி. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அப்பாவின் பழைய ஹீரோ ஹோண்டா மாமா வீட்டுக் காம்பவுண்டில் நீலத் தார்பாய்க்குள் நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் மாமா தார்பாயை விலக்குவார். ஸ்டார்ட் பண்ணுவார். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். ஒருநாளும் ஓட்டியதில்லை. விற்கவும் இல்லை. எண்ணெய் மாற்றுவார், டியூப் மாற்றுவார். யாருக்காக என்று கேட்டால் தார்பாயை இழுத்து மூடுவார்.

அந்தச் சாவியைத்தான் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"முயல் தீவ ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்."

"வேண்டாம்ளா."

"அப்ப அனிஷும் வேண்டாம்."

அனிஷ் போனிலிருந்து தலையைத் தூக்கி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தான். பிறகு மறுபடி போனுக்குள் போய்விட்டான்.

மாமா பீரோவைத் திறந்து சாவியை மேஜை மேல் வைத்தார். என் கையில் தரவில்லை.

"தண்ணியில மட்டும் எறங்காத" என்றார்.

முயல் தீவு என்றால் படகில் போகிற தீவு இல்லை. துறைமுகப் பக்கமாக ரோடு உண்டு. காணும் பொங்கலுக்கு ஊரே கூடும். மற்ற நாளில் ஆளிருக்காது. அப்பா என்னை டேங்க் மேல் உட்காரவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப்போவார். ஒருபக்கம் கப்பல், கிரேன், நிலக்கரி மேடு. தாண்டிவிட்டால் வெள்ளை மணல், உடைமரம், கலங்கரை விளக்கு, கண்ணாடி மாதிரி தண்ணீர். என் கிளாஸ் பிள்ளைகள் அந்த இடத்தில் போட்டோ எடுத்து மாலத்தீவு என்று போடுவார்கள். எனக்கு அது என் அப்பா இடம். கல்யாணமோ வேலையோ, அங்கே போய்த்தான் முடிவெடுப்பது என்று கிளம்பினேன்.

11.48க்குத் தீவுக்குள் நுழைந்தேன். வண்டி அருமையாக ஓடியது. காற்று காதில் அறைந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுப் பாடினேன்.

11.56. இடதுபக்கக் கண்ணாடியில் தண்ணீர்த் துளிகள். மழை இல்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. அலைச்சாரல் என்று நினைத்துத் துடைத்தேன். நக்கிப் பார்த்தேன். உப்பு. சரிதான், சாரல்தான்.

12.04. வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. ஷாக் அப்சார்பர் பழசு என்று சொல்லிக்கொண்டேன். இறங்கிப் பார்த்தேன். பின்சீட் ஈரம். கையை வைத்தால் சுட வேண்டிய சீட்... குளிர்ந்து கிடந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரை மிரட்டுகிறாய் என்று சத்தமாகவே கேட்டேன். கிக்கரை மிதித்துக் கிளம்பினேன். கலங்கரை விளக்கைத் தாண்டிக் கிழக்குக் கரைக்கு வந்ததும் பின்சக்கரம் மணலில் புதைந்தது. முறுக்கினேன். இன்னும் புதைந்தது.

12.19.

சக்கரத்துக்கு அடியில் கொடுக்க மட்டையோ பலகையோ கிடைக்குமா என்று கரையில் தேடினேன். ஒரு கயிறு கிடந்தது. கட்டைவிரல் தடிமன். ஒரு முனை மணலில், மற்றது தண்ணீருக்குள் போயிருந்தது. அறுந்த வலைக்கயிறு, மிதவைக் கயிறு எல்லாம் எங்கள் கரையில் குப்பை மாதிரி ஒதுங்கும். நாலு சுற்றுச் சுருட்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்கலாம் என்று இழுத்தேன்.

வந்தது. லேசாக வந்தது. ரெண்டு கையை விரித்தால் ஒரு பாகம். ஆறு பாகம், ஏழு பாகம்...

நின்றது.

காற்றும் நின்றது. உடைமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. கடல் எண்ணெய் மாதிரி படுத்திருந்தது. போனைப் பார்த்தேன். 12.27.

கயிறு என் கையில் துடித்தது.

டக்... டக்.

ரெண்டு.

அலை என்று சொல்லிக்கொள்ள அங்கே அலை இல்லை.

என் கால் ஓடப் பார்த்தது. நான் விடவில்லை. குதிகாலை மணலில் ஊன்றினேன். கட்டில் மேல் உட்கார்ந்து இழுத்த அதே இழுப்பு இழுத்தேன்.

கனத்தது. ஒரு ஆள் கனம்.

"வாரேன்பா" என்று கத்தினேன்.

மறுபடி... டக், டக்.

இழுத்தேன். ஒரு பாகம் வந்தது. அரை பாகம் வந்தது. தண்ணீரில் ஒரு குமிழி இல்லை.

பிறகு படபடவென்று...

ஒன்று.

ரெண்டு.

மூன்று.

நாலு.

கயிறு என் கையை உரித்துக்கொண்டு ஓடியது. பிடித்தேன். தோல் கிழிந்தது. முனை தண்ணீருக்குள் போனது.

12.31.

காற்று மறுபடி வந்தது. மணலில் என் கால்தடம் இருந்தது. குதிகால் ஊன்றிய குழி இருந்தது. கயிறு கிடந்த தடம்... இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

வண்டியை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. தள்ளியதும் வந்துவிட்டது.

1.50க்கு வீடு. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊளி மீன் குழம்பு. அம்மா என் கையைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். ரெண்டு உள்ளங்கையிலும் குறுக்கே சிவப்பாக ஒரு பட்டை, கயிற்றின் முறுக்குக்கூடப் பதிந்திருந்தது. வண்டி மணலில் மாட்டியது, கயிறு கிடந்தது, இழுத்தேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அனிஷ் சிரித்தான். மீன் எதாவது மாட்டியிருக்கும், விட்டிருக்கக் கூடாது, குழம்புக்கு ஆகியிருக்கும் என்றான். மாமா நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மொதல்ல ரெண்டு" என்றேன். "கொஞ்சம் விட்டு இன்னொரு ரெண்டு. அப்புறம் படபடன்னு நாலு."

"அஞ்சு" என்றார் மாமா.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைக்காரர் சில்லறைக் கணக்கைத் திருத்துகிற மாதிரி, தன்னையறியாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. கை அப்படியே நின்றது.

மேஜை மேல் நிச்சயத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுப்புடவை, கவர் பிரிக்காமல்.

அம்மாதான் பேசினாள். ஒன்பது வருஷமாகத் தலையாட்டிய அம்மா.

"அண்ணே, கயிறு அசையவே இல்லன்னு சொன்னீயளே."

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். அப்பா செத்த அன்று காலையில் கரையிலேயே அவருக்கும் மாமாவுக்கும் கைகலப்பு என்று யாரோ சொன்னது உண்டு. ஏன் தூக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு காரணம் வைத்திருப்பார். ஒன்பது வருஷம் யோசித்த காரணம். அது எனக்கு எதற்கு? எங்கப்பா முடிச்சை அவிழ்க்கவில்லை. தூக்கு தூக்கு என்று ஒன்பது தடவை இழுத்திருக்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

உள்ளே போய் சர்டிபிகேட் ஃபைலை எடுத்தேன். ஒரு பையில் ரெண்டு சுடிதார், சார்ஜர். அம்மாவைப் பார்த்தேன். நீ போளா, நான் இவங்கிட்ட இன்னும் கேக்க வேண்டியது கிடக்கு, கேட்டுட்டு வாரேன் என்றாள். அண்ணனை அவள் அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

"சாவி..." என்றார் மாமா.

"அது எங்கப்பா வண்டி" என்றேன்.

அனிஷுக்கும் ஒரு வார்த்தை சொன்னேன், அந்தப் புடவையைக் கடையில் மாற்றிக்கொள்ளச் சொல்லி.

வாசலில் வண்டி நின்றது. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடி வந்த வண்டி. பின்சீட் இன்னும் ஈரம். பையை அதன் மேல் வைக்க மனம் வரவில்லை, முன்னால் டேங்க் மேல் வைத்துக்கொண்டேன். கிக்கரை மிதித்தேன். முதல் மிதியிலேயே எடுத்தது. உரிந்த கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

உள்ளங்கையில், அந்தச் சிவப்புப் பட்டையில்...

டக்.

ஒன்று. ஒன்றே ஒன்று. பையைத் தூக்கு.

திரும்பிப் பார்க்கவில்லை. "பிடிச்சுக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டேன்.