விளிம்பில் ஒரு தலைகீழ்ச் சுருள்

பல்செட் செய்து பிழைப்பவருக்கு 'மெழுகு' என்று பட்டப்பெயர் வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்தவர்கள் பல் போனவர்கள் அல்ல, பழைய காசு சேர்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடை மாடியில் கூடும் அந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு ராணிக் காசை மேசையில் வைத்தால், ஆளாளுக்கு லென்ஸைப் பிடித்துப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், கடைசியில் "மெழுகு என்ன சொல்றார்?" என்று திரும்புவார்கள். அவர் சொன்னதற்கு அப்பீல் கிடையாது.

ராணிக் காசு என்பது உள்ளங்கையை நிறைக்கும் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் முக்காடு போட்ட கனத்த ராணி, மறு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு. ராணி இறந்தது 1780இல். காசில் இருப்பதும் அதே வருஷம்தான். அந்த முகமும் அந்த வருஷமும் இருந்தால்தான் வாங்குவோம் என்று தூர தேசத்து வியாபாரிகள் அடம்பிடித்ததால், அம்மாள் போய்ச் சேர்ந்த பிறகும் வியன்னா, ரோம், லண்டன், பம்பாய் என்று பல நாணயச் சாலைகளில் அதே காசை, அதே வருஷத்தோடு, அடித்துக்கொண்டே இருந்தார்கள். கையில் இருப்பது எந்த ஊரில், எந்தக் காலத்தில் அடித்தது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பைத்தியத்தின் சுகம். ராணியின் மார்பு ஊசியில் எத்தனை முத்து, கழுகின் வாலில் எத்தனை இறகு என்று மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணுவார்கள். மெழுகு முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்கு விளிம்புதான்.

பல்செட்டுக்கு உபயோகிக்கும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டி, காசை அதன்மேல் நிறுத்தி வண்டிச் சக்கரம் போல ஒரு சுற்று உருட்டுவார். விளிம்பில் புடைத்திருக்கும் லத்தீன் எழுத்துகளும், வார்த்தைகளுக்கு நடுவே வரும் கொடிச் சுருள்களும் மெழுகில் ஒரே வரியாக விழுந்துவிடும். அப்படி எடுத்த பட்டைகளைப் பல் வரிசைகளுக்கு நடுவிலேயே இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்திருந்தார். எந்தச் சாலையின் சுருள் எப்படி வளையும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. விளிம்பை அச்சிடும் வளையத்தின் ஒரு துண்டை யாரோ ஒரு தொழிலாளி தலைகீழாக மாட்டிவிட, ஒரு சுருள் மட்டும் குப்புற விழுந்த காசு. அப்படி ஒன்று உண்டு என்று கூட்டத்துப் பெரியவர் ஒருவர் சாகுமுன் சொல்லியிருந்தார். அதைத் தேடித்தான் மெழுகுக்குத் தலை நரைத்தது.

இனி சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெழுகின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி. அவளைக் கட்டியவர் குழாய், வாஷ்பேசின், ஷவர் விற்கும் கடைக்காரர். அவர்மேல் மெழுகுக்கு இருந்தது கோபம் இல்லை, பகை இல்லை, அப்பட்டமான பொறாமை. அந்த ஆள் மண்ணைத் தொட்டால் பொன்னாகும். மாமியார் மூத்த மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுவாள். இளைய மாப்பிள்ளைக்கு நாற்காலியைப் போட்டு, துடைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொள்வாள். இந்த வயதிலும் அந்த ஆளுக்குத் தலைமுடி உதிரவில்லை. பல்லோ முத்து முத்தாக அத்தனையும் சொந்தம். பல்செட்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

போதாக்குறைக்கு, காசு சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டார். "அண்ணன் சேர்க்கறதப் பார்த்துதான் எனக்கும் ஆசை வந்துச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மெழுகு ஊர் ஊராக அலைந்து சேர்த்ததை எல்லாம், குழாய் மாட்டப் போன வீடுகளில் பேச்சுவாக்கில் கேட்டு வாங்கி வந்துவிடுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மெழுகு வயிற்றெரிச்சலோடு முணுமுணுப்பார். கழுதையோ சிரித்த முகமாகக் கற்பூரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே வைக்கும்.

ஒரு மத்தியானம் அப்படித்தான் வந்தார். மெழுகு யாருடைய மேல்தாடைக்கோ பல் பதித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இதை உருட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்."

மெழுகு கையைத் துடைத்துக்கொண்டு காசை வாங்கினார். தகட்டைக் காய்ச்சினார். உருட்டினார். முதல் வார்த்தை, ஒரு சுருள். இரண்டாவது வார்த்தை, அடுத்த சுருள். அந்தச் சுருள் குப்புறக் கிடந்தது.

சந்தோஷம் ஒரு நொடிதான் வந்தது. அடுத்த நொடியே, 'இவனுக்கா? இவனுக்கா கிடைக்கணும்?' என்ற எண்ணம் அதை மிதித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டது. கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்து மெழுகை அழுத்தித் தேய்த்தது.

"என்னண்ணே?"

"சாதாரண ரகம். தெருவுக்கு நாலு கிடைக்கும்."

"அப்படியா?" சகலை கொஞ்சம்கூட வாடவில்லை. "நல்லதாப் போச்சு. பாப்பா கழுத்துல போட ஒரு டாலர் கேட்டுக்கிட்டே இருக்கா. கொக்கி வச்சுக் குடுத்துடறேன்."

காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மெழுகு அன்று பதித்த பற்களில் ஒன்று கோணலாகப் போய், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொக்கியைப் பற்றவைத்தால் அந்த இடத்து விளிம்பு உருகி மூடிக்கொள்ளும். எங்கே வைப்பார்களோ? போகட்டுமே, எனக்கு இல்லாதது எவனுக்கும் வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. பாவி, உலகத்தில் அது ஒன்றுதானே இருக்கிறது என்று இன்னொரு மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் இரண்டாவது மனமே ஜெயித்தது. தங்கை புருஷன் நகைப் பட்டறைக்குப் போயிருக்கிறார் என்று மனைவி சொன்னதும், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். வழி நெடுக வார்த்தையைத் தயார் செய்தார். 'ஒரு சின்னச் சந்தேகம், இன்னொரு தடவை உருட்டிப் பார்த்துடறேன்.' அவ்வளவுதான். காசும் பிழைக்கும், தன் மானமும் பிழைக்கும்.

பட்டறையில் காசு இன்னும் இடுக்கியில்கூட ஏறவில்லை. சகலை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அட, அண்ணனே வந்துட்டார்!" என்று எழுந்து இடம் கொடுத்தார். "பாருங்க, நம்ம காசுக்காக வேலையை விட்டுட்டு வந்திருக்கார்" என்று பட்டறைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

மெழுகு வாயைத் திறந்தார். அதற்குள் சகலை முந்திக்கொண்டார்.

"உண்மையச் சொல்லட்டுமாண்ணே? அன்னிக்கு அதை உங்களுக்குக் குடுக்கணும்னுதான் கொண்டு வந்தேன். அந்தத் தலைகீழ்ச் சுருளைத் தேடறீங்கன்னு அண்ணி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கையில எந்த ராணிக் காசு வந்தாலும் அதுவா இருக்கக் கூடாதான்னு வேண்டிக்குவேன். எனக்கெதுக்கு? உங்க இழுப்பறையிலதான அது இருக்கணும். சரி, அடுத்த தடவை பார்ப்போம்."

இப்போது சொல்லியிருக்கலாம். தயார் செய்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் காசு அவருடையது, இந்த நிமிஷமே. சகலை கைகுலுக்கி, கட்டிப்பிடித்து, மேசையிலிருந்து எடுத்து நீட்டுவார். ஊர் பூராவும் சொல்லுவார்கள்: மெழுகு ஆயுசு முழுக்கத் தேடியதை அவர் சகலை சும்மா தூக்கிக் கொடுத்தார் என்று. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த முத்துப் பல் சிரிப்பு உள்ளே உட்கார்ந்திருக்கும். அதிர்ஷ்டம்தான் இவனுக்கு என்று இத்தனை நாள் நினைத்தோமே, நல்ல மனசும் இவனுக்குத்தானா? காசின்மேல் வந்த பொறாமையெல்லாம் இதன்முன் ஒன்றுமே இல்லை.

"கொக்கி தலைக்கு மேலதானே?" என்று பட்டறைக்காரர் ஊதுகுழாயை எடுத்தார்.

"அண்ணனே காட்டட்டும்" என்றார் சகலை. "எங்க வச்சா காசு கெடாதுன்னு அவருக்குத்தான் தெரியும்."

மெழுகு காசைக் கையில் எடுத்தார். விளிம்பில் நகத்தை ஓட்டினார். நகம் தானாக நின்றது. ராணியின் மூக்குக்கு நேர் எதிரே.

"இங்க வைங்க."

"அங்கயா?" பட்டறைக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தொங்கவிட்டா அம்மா வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடப்பாங்களே?"

"கிடக்கட்டும். தலைக்கு மேல வச்சா எழுத்து போயிடும். இந்த இடத்துல எழுத்து இல்ல, வெறும் சுருள்தான்."

"கேட்டீங்களா?" என்றார் சகலை. "இதுக்குத்தான் விஷயம் தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கணும்ங்கறது."

நீல நெருப்பு சீறியது. மெழுகு வேறு பக்கம் பார்க்கவில்லை. முழுவதும் பார்த்தார்.

இன்றைக்கும் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் சகலையின் மகள் அந்த டாலரைப் போட்டுக்கொண்டுதான் வருவாள். ராணி அவள் கழுத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். கேட்காதவர் இல்லை. "பெரியப்பா காட்டின இடம்" என்பாள் பெண். "காரணம் இல்லாம சொல்ல மாட்டார்" என்பார் சகலை. சைக்கிள் கடை மாடிக் கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் காசுக்கும் அதே இடத்தில் கொக்கி வைத்துவிட்டார்கள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ஆள் தன்னைச் சந்தேகத்தோடு பார்க்க மாட்டாரா என்று மெழுகு ஒவ்வொரு விசேஷத்திலும் எதிர்த்தாற்போலவே உட்கார்ந்து பார்க்கிறார். சகலையோ எழுந்து வந்து, தோளில் கைபோட்டு, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்கிறார்.