இரண்டு லேசரும் என் முகமும்

தில்லையடிக்குப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. மனைவி மௌத்தாகி, நான் தனியாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கணவனை இழந்த ஒரு தையல்காரப் பெண்ணைத் தரகர் பேசி வைத்திருந்தார். அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள். நான் அவளிடம் எதுவும் கேட்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அவளுடைய தாத்தா, அதாவது மூத்த சகோதரி, யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

"நாப்பத்தாறாம். எங்கட வாப்பா மௌத்தாகக்குள்ள அவர்ட முகம் இதவிட நல்லா ஈந்திச்சி."

வீட்டில் தாடி ஒதுக்க ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கிறேன். அதில் முழு முகமும் அடங்காது. பார்க்க வேறு ஆளும் இல்லாததால், கன்னத்தில் இத்தனை கோடு விழுந்திருப்பது எனக்கே தெரியாமல் போயிருந்தது.

இரண்டு கிழமை கழித்து, யாருக்கும் சொல்லாமல் நீர்கொழும்புக்கு பஸ் ஏறினேன். லேசரால் சுருக்கம் எடுக்கும் தோல் டொக்டர் அங்கே இருந்தார். எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயது இருக்கும். கூச்சத்தில் முதலில் கை அரிப்பு என்று சொல்லி, பிறகுதான் முகத்தைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று மேல்தோலையே எடுத்துவிடும். இரண்டு கிழமை முகம் பச்சைப் புண்ணாகக் கிடக்கும், பிறகு புதுத் தோல் வரும். கோடுகள் நன்றாகக் குறையும். ஆனால் நம்முடைய நிறத்துக்குக் கறுப்புத் திட்டு விழக்கூடும். மற்றது மேலே காயம் செய்யாது, உள்ளே சூடு மட்டும் கொடுக்கும். மாதம் ஒரு தடவையாக ஐந்தாறு தடவை போக வேண்டும். குறைவது கொஞ்சம்தான்.

"எதச் செஞ்சாலும் வெயில் படக் கூடாது" என்றார்.

"நான் பெரிய தொப்பி போடுறதான், டொக்டர்."

அவர் என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "தொப்பி போட்டா கண்ணுக்குக் கீழ, நாடிக்குக் கீழ இவ்வளவு வராதே. எங்க வேலை?"

"உப்பளத்துல."

"அப்ப உங்களுக்கு வெயில் உப்புல பட்டுக் கீழ இருந்தும் வருது."

இருபத்தைந்து வருடம் வெயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துதான் உப்பு வாரினேன். முகம் தப்பிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

காயம் செய்யாததையே எடுப்பதாக முடிவு செய்தேன். உப்பள மேற்பார்வையாளரிடம் போய், ஆறு மாதம் மூட்டை கட்டும் கொட்டகையில் வேலை கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு நிழல் கேக்குதோ?" என்றார். சாக்குத் தைக்கும் பெண்கள் சிரித்தார்கள். ஆனாலும் கொடுத்தார்.

மிச்சமிருந்தது அவளைக் காத்திருக்கச் சொல்வது. தரகர் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஆறு மாசம் பொறுக்கச் சொல்லுங்க, நானா."

"என்னத்துக்கு? அந்தப் பக்கம் ஓம் எண்டு சொல்லப் போற நேரத்துல?"

முகத்துக்கு என்று சொல்ல நா எழவில்லை. "வேலை கொஞ்சம் ஈக்கிது" என்றேன்.

"வேலை எப்பயும் ஈக்கிற சாமான்தானே?"

அவர் போனை வைத்துவிட்டார்.

நாலாம் நாள் அவரே போன் எடுத்தார். "அவங்க வேற இடம் பாக்கிறாங்க. உங்களுக்கு விருப்பம் இல்ல எண்டு எடுத்துக்கிட்டாங்க."

"அவங்கட தாத்தாதானே என்ட முகத்த..."

"தாத்தா ஆயிரம் சொல்லுவா. அந்தப் புள்ள ஒண்டும் சொல்லல்லியே. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. இந்த மனுசன் வீட்டுலயும் கதைக்க மாட்டாரோ எண்டு."

கொட்டகையில் அன்று பகல் முழுக்க நிழலில் மூட்டை கட்டினேன். அடுத்த நாள் மேற்பார்வையாளரிடம், இனி நிழல் வேண்டாம், பழைய உப்புப் பாத்திக்கே போகிறேன் என்றேன்.