வெங்காயக் கன்டெய்னருக்குள் மதியத் தூக்கம்

கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதிய அந்தக் குளிர்காற்றில் சின்ன வெங்காய வாசம் இருந்தது...

வெளியே கத்திரி வெயில். பாடாலூர் பக்கம் ஹைவேயை ஒட்டி ஒரு வெங்காய ஏற்றுமதி குடோன். டிகிரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, சூப்பர்வைசர். பேருக்குத்தான். என் பேச்சை அங்கே தராசு கூடக் கேட்காது.

கரண்ட் கட் காலம் அது, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பக்கம் மதியம் ஒரு மணிக்குப் போனால் நாலு மணிக்கு மேல்தான் வரும்.

அந்தக் கோடையில்தான் குடோனுக்கு முதன்முதலாக ஒரு குளிர்சாதனக் கன்டெய்னர் வந்தது. துபாய் போகிற வெங்காயம் வழியெல்லாம் குளிரிலேயே இருக்கணுமாம். கரண்ட் போனாலும் மிஷின் நிற்கக்கூடாது என்று முதலாளி பெரிய ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கன்டெய்னருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காயும் உடைத்தார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஜெனரேட்டர் கரண்டு வெங்காயத்துக்கு மட்டுந்தான். எவனாச்சும் ஒத்த ஃபேன மாட்டுனீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்."

நாங்களும் மாட்டவில்லை...

லோடு ஏற்றியாகிவிட்டது. ஏற்றுமதி சர்ட்டிபிகேட் வர இரண்டு நாள் ஆகும், அதுவரை கதவுக்கு சீல் கிடையாது. முதல் நாள் மதியம் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வெங்காயம் தரம் பிரிக்கிற எட்டு பெண்களையும் காணோம். தேடிக்கொண்டு போனால், கன்டெய்னர் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே கதவோரம் இருந்த காலி இடத்தில் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டே எட்டு பேரும் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திட்டத்தான் போனேன். அவர்களில் மூத்தவரான பாப்பாத்தி அக்கா முந்திக்கொண்டு என்னைத் திட்டியது.

"கதவ சாத்திட்டு உள்ள வா தம்பி... குளிரு பூராவும் வெளிய போவுதுல்ல!"

சாத்திவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் மூன்று பேர் ஸ்வெட்டரோடு வேலைக்கு வந்தார்கள். ஒருத்தர் கையில் சபரிமலைக் கம்பளி. கத்திரி வெயிலில் இதென்ன கோலம் என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் என் பையில் மங்கி குல்லா இருந்தது. மதியம் கன்டெய்னருக்குள் அவர்கள் அரை மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும், "மூட்டைய எண்ணிட்டு வரேன்" என்று தங்கினேன். மூச்சு முட்டாமல் இருக்கக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுப் படுத்தவன், எழுந்தபோது மணி நாலரை.

உள்ளே சோப்பு டப்பா சைஸில் ஒரு லாகர் தொங்கியது. நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று பதிவு செய்கிற பெட்டி. அதைத் தொங்கவிட்டவனே நான்தான். கப்பல் கிளம்பின பிறகுதான் அது வேலையை ஆரம்பிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்...

சில வாரம் கழித்து துபாயிலிருந்து அதன் கிராப் வந்தது. கூடவே ஒரு கேள்வி. நடுநடுவே சூடு ஏறியிருக்கிற இந்த மேடெல்லாம் என்ன? சரியான காரணம் இல்லையென்றால் அடுத்த ஆர்டர் கிடையாது.

முதலாளி அதைப் பிரிண்ட் எடுத்து எங்கள் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தார். இரண்டு சின்ன மேடு, ஒரு பெரிய மலை.

"மதியம் ஒரு மணி! யாருன்னு எனக்குத் தெரியாதா? எட்டு பேரும் நாளையிலேருந்து வர வேணாம்."

பாப்பாத்தி அக்கா அந்த மலையையும் பார்த்தது, என்னையும் பார்த்தது.

"எல்லாமே நாங்கதான் மொதலாளி. தம்பிக்கு ஒன்னும் தெரியாது."

அந்த இடத்தில் நின்ற வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை. எப்படியோ, "சார்... அந்தப் பெருசு நான்" என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. துபாய்க் கம்பெனியில் சரக்கை செக் பண்ணுகிற பாய். எங்கள் பக்கத்து லப்பைக்குடிக்காட்டுக்காரர். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, மாஷா அல்லா, வெங்காயம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு மேடு இருக்கே, நான் என்னன்னு எழுதுறது?"

மூணுதானே? எல்லோரும் பேப்பரைப் பார்த்தோம். அதன் வலது ஓரத்தை முதலாளியின் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது. பாப்பாத்தி அக்கா போய், மெதுவாக அந்த விரலை நகர்த்தியது. ரெண்டாவது நாள் சாயங்காலம் ஆறு மணி, நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு... நாலாவது மேடு!

"சம்பந்தி வந்திருந்தாரு," என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு. "சும்மா ஒரு பத்து நிமிசம் காட்டுனேன்."

பாய் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "எங்க வூட்லயும் அதே ஒரு மணிக்குத்தான் கரண்டு போவுதாம்ணே. ஏத்துற எடத்துல வெக்கை தாங்கலன்னு எழுதிடுறேன். ஆனா ஒன்னு... அந்த ஜெனரேட்டர்ல நாலு ஃபேன் மாட்டுங்க. மாட்டிட்டு போட்டோ அனுப்புங்க. அப்பறந்தான் அடுத்த ஆர்டர்."

அன்று சாயங்காலமே நாலு ஃபேன் சுற்றியது. யாருக்கும் வேலை போகவில்லை.

இப்போது நான் அரியலூரில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் மேனேஜர். கரண்ட் போன நொடியில் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகிறது. சாப்பிடுகிற ரூமில் ஏசி. கன்டெய்னர் கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே சென்சார் என் போனுக்கு மெசேஜ் போட்டுவிடுகிறது... எந்தக் கதவு, எத்தனை மணி, யார் டியூட்டி என்பது வரைக்கும்.

அந்த சென்சார் சொல்வதில் தப்பு கிடையாது, எல்லாம் சரியாகவே இருக்கும். "எல்லாமே நாங்கதான்" என்று அடுத்தவனுக்காக ஒரு பொய் சொல்ல மட்டும் அதற்கு வராது.